காத்திருந்ததற்கு வட்டி

ஆவுடையம்மாளின் கணவர் மந்திரமூர்த்தி, 1989-ஆம் வருடம் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சீலிங் ஃபேன் வாங்குவதற்காக அறுநூறு ரூபாய் எடுத்துவர வங்கிக்குப் போனார். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சங்கரன்கோவிலில் அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. “பத்து நிமிசத்துல வாரேன், சட்டுனு சோத்த வடி” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அவள் சோற்றை வடித்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆறிப்போனது. ஒரு மணிக்கு அதைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வங்கிக்கே போனாள். அன்றிலிருந்து தினமும் போகிறாள்.

அந்தக் காலத்தில் நம் பணத்தை நாம் எடுப்பதென்றால் சீட்டு எழுதி, பாஸ்புக்கோடு சேர்த்து நீட்ட வேண்டும். அவர்கள் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். சீட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், ஒருவர் பேரேட்டைப் புரட்டி, ஒருவர் கையெழுத்தை உற்றுப் பார்த்து, கடைசியில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் கேஷியரிடம் போகும். கேஷியர் நம்பரைக் கூப்பிடுவார். மந்திரமூர்த்திக்கு நாற்பத்தேழு. நாற்பத்தாறு வரைக்கும் கூப்பிட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து கேஷியருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. சாவியை ஒப்படைத்துவிட்டு அவர் மத்தியான பஸ்ஸில் விளாத்திகுளம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் புதுக் கேஷியர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒரு நாற்பத்தேழைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மந்திரமூர்த்தி எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை மேனேஜரே வந்து, “கூப்பிடுறாங்கள்ல, போய் வாங்கிக்கிட்டுப் போங்களேன்” என்றார். “அது இன்னைக்குள்ள நாப்பத்தேழு சார். நான் அன்னைக்குள்ள நாப்பத்தேழு” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். கொஞ்சம் தகிடுதத்தம் பண்ணத் தெரிந்த ஆளாக இருந்தால் அன்றைக்கே பதினொன்றரைக்கு வீட்டில் இருந்திருப்பார். யோக்கியனுக்கு வாக்கப்பட்டதை நினைத்தால் ஆவுடையம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

வங்கியின் சாப்பாட்டு இடைவேளை இரண்டு மணி முதல் இரண்டரை வரை. அதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. அந்த அரை மணி நேரத்தில் அவர் சாப்பிடுவார், அவள் ஊர்க்கதை சொல்லுவாள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் இரண்டு மணிக்குத் தொடர வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. பூட்டிய கம்பிக் கதவுக்கு இந்தப்புறம் நின்று அவள் எட்டிப் பார்ப்பாள். உள்ளே இருட்டில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் தெரியும். குழந்தை இல்லையா என்று கேட்டவர்களிடம் எல்லாம் வங்கி நேரத்தைச் சொன்னாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. கிரைண்டர் ஒன்றைத் தவணைக்கு எடுத்து இட்லி மாவு அரைத்து விற்றாள். சீலிங் ஃபேனை 1993-இல் தானே வாங்கி மாட்டினாள். மாட்டியதை அவரிடம் சொன்னபோது, “எத்தன றெக்க?” என்று கேட்டார். மூணு என்றாள்.

இதற்கிடையில் அவரைச் சுற்றி வங்கி மாறிக்கொண்டே வந்தது. முதலில் பேரேடுகள் போயின. கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு வேர்க்கும் என்று ஏசி போட்டார்கள். மனுஷன் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த இத்தனை வருடத்தில் ஒரு மேசை விசிறிக்கு வழியில்லாதவர்கள்தான் அவர்கள். பிறகு கம்பிக் கூண்டு போனது, கண்ணாடி வந்தது. பித்தளை டோக்கன் போனது. வாசலில் ஏடிஎம் வைத்தார்கள். ஜனங்கள் அங்கேயே எடுத்துக்கொண்டு அப்படியே போனார்கள். ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் மந்திரமூர்த்தி தனியாக இருந்தார்.

ஊரும் மாறியது. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவன் கண்ணில் படாமல் தெருவைச் சுற்றிப் போன காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “என் கிரெடிட் கார்டுக்கு மூணு லட்சம் லிமிட்டு, உனக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். லிமிட் குறைந்தவன் தலையைக் குனிந்துகொண்டு ரசத்துக்குப் போகிறான். அப்புறம் அந்த அட்டையையும் தூக்க முடியாமல் போனைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஆவுடையம்மாளின் மாவு டிரம்மிலும் ஒரு கட்டம் கட்டமான காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். அரைக் கிலோ மாவுக்கு இருபது ரூபாய் போட்டால், ஒரு நொடியில் அது அவள் கணக்கில் வந்து விழுந்துவிடும். கணக்கு அதே வங்கியில்தான் இருந்தது. ஊரான் வீட்டு இருபது ரூபாய் எல்லாம் அவள் புருஷனின் முழங்காலைத் தாண்டிக்கொண்டு ஒரு நொடியில் உள்ளே போகிறது, அவருடைய அறுநூறு ரூபாய்க்கு மட்டும் வெளியே வரத் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவள் டிரம் மூடியை ஓங்கிச் சாத்துவாள்.

2023 மார்ச் மாதம் வங்கி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். யாரும் வராததால் கிளை மாதக் கடைசியோடு மூடப்படுகிறது, வாடிக்கையாளர்கள் செயலிக்கு மாறிக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. ஆவுடையம்மாள் தூக்குவாளியோடு நேராக மேனேஜர் அறைக்குள் போனாள். மேனேஜர் அருண் பிரசன்னா கோயம்புத்தூர்க்காரர். முப்பத்தோரு வயது. மந்திரமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் பிறக்கவில்லை.

“கிளைய மூடுதியளாமே. எங்க வீட்டுக்காரர் எங்க இருப்பாவ?”

“சாரையும் ஆப்புக்கு மாத்திடறோங்கம்மா. உள்ள வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குமுங்க, பாத்திருப்பீங்க. அதுல உக்காத்தி வெச்சிருவோம். இருவத்திநாலு மணி நேரமும் நீங்க போனத் தொறந்து பாத்துக்கலாம். இந்த ரெண்டு மணி, ரெண்டரை மணி எல்லாம் இனிமே கிடையாதுங்க.”

“சாப்பாடு?”

“சாப்பாடு வேற ஆப்புங்கம்மா.”

அவள் தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள். குழம்பு சிந்தியது. மேனேஜர் கோபப்படவில்லை. காகிதம் எடுத்துத் துடைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து ஒரு நீல நிற கிரெடிட் கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“சாருக்கு நம்ம வங்கியோட முப்பத்திநாலு வருச உறவுங்க. அதனால அவர் பேர்ல தானாவே கார்டு வந்திருக்கு. மனைவிங்கறதால உங்களுக்கும் ஒண்ணு. எண்பதாயிரம் லிமிட். எதுக்கும் காத்திருக்கவே வேண்டாமுங்க. தேய்ச்சீங்கன்னா பொருள் உங்களுது. நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுப் பணம் கட்டுனாப் போதும்.”

“கட்டலேன்னா?”

“வங்கி காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கறதுக்கு மாசம் மூணரை சதவீதம் வட்டிங்க.”

ஆவுடையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரைக்கும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“திரும்பச் சொல்லுங்க. வங்கி காத்திருந்தா அதுக்கு வட்டியா?”

“ஆமாங்க.”

“அப்ப எங்க வீட்டுக்காரர் முப்பத்திநாலு வருசமா அந்தப் பெஞ்சில காத்துக் கெடக்காவளே. அதுக்கு எம்புட்டு வட்டி?”

மேனேஜர் நியாயமான மனிதர். உடனே கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் தேடினார். கீழே போனார், மேலே வந்தார். கடைசியில் சொன்னார்: “வங்கி காத்திருந்தா எழுதறதுக்குக் கட்டம் இருக்குதுங்க. கஸ்டமர் காத்திருந்தா எழுதறதுக்கு இதுல கட்டமே இல்லீங்கம்மா.”

“கட்டம் இல்லேன்னா நடக்கலேன்னு ஆயிருமா?” என்று அவள் கத்தினாள். வெளியே இருந்த இரண்டு குமாஸ்தாக்களும் தலையை நிமிர்த்தவில்லை. “இருவத்திரண்டு வயசுல சோறு கொண்டுவர ஆரம்பிச்சேன். எனக்கு இப்ப அம்பத்தாறு. என் தலைய பாருங்க. இதுக்கு எந்தக் கட்டத்துல எழுதுவிய?” மேனேஜர் அவள் தலையைப் பார்த்தார். பிறகு கார்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கு அந்த மாத இலக்கில் இன்னும் ஆறு கார்டு பாக்கி இருந்தது.

அவள் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் நோட்டீஸ் பலகையில் இரண்டாவது காகிதத்தைப் பார்த்தாள். கிளையின் தட்டுமுட்டுச் சாமான்கள் முப்பத்தோராம் தேதி ஏலம் விடப்படும். எல்லாப் பொருளும் உள்ளது உள்ளபடி, இருக்கிற நிலையிலேயே விற்கப்படும். பொருளோடு ஒட்டியிருப்பதும் மேலே இருப்பதும் அதிலேயே அடக்கம். பதினோராவது இனம்: தேக்குமர பெஞ்சு, ஆறு பேர் அமரக்கூடியது, ஒன்று. அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு உள்ளே போய், மேலே இருப்பதும் அடக்கமென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். பெஞ்சு மேல் இருக்கும் எதற்கும் வங்கி அப்புறம் சொந்தம் கொண்டாடாது என்றார் மேனேஜர்.

ஏலத்துக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு மர வியாபாரி வந்திருந்தார். அலமாரிகளைத் தட்டிப் பார்த்தார். பெஞ்சைத் தட்டினார். நல்ல சத்தம் வந்தது. மந்திரமூர்த்தியின் தோளையும் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுவும் சேர்த்துத்தானே?” என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் இந்த மாதிரி ஜோடியாகக் கிடைப்பதை விடமாட்டார்கள், வரவேற்பறையில் போடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மந்திரமூர்த்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாயிரத்தில் ஆரம்பித்தது. அவள் இருபது என்றாள். வியாபாரி முப்பது என்றார். ஐம்பதில் அவர் கொஞ்சம் யோசித்தார். அவள் யோசிக்கவில்லை. எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பது என்று வந்து நின்றது. எண்பது அவளுடையது. அதுதான் அவளுடைய லிமிட்டும். வியாபாரி எண்பத்தொன்று என்றார்.

ஆவுடையம்மாள் கையில் இருந்த கார்டைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருடம் இட்லி மாவு ஆட்டி, பெஞ்சில் இருந்த ஆளுக்குச் சோறு போட்டு, கடைசியில் எவனோ ஒருவன் ஓட்டல் வாசலில் அலங்காரத்துக்கு உட்கார வைப்பதற்காகவா? அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கோபத்தில் காதுதான் சுட்டது. அப்போது மேனேஜர் பின்னால் வந்து குனிந்து, “லிமிட்ட ஏத்தித் தரட்டுமாங்கம்மா? ஒரு நிமிசந்தான் ஆகும்” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போன் கிணுகிணுத்தது. இரண்டு லட்சம். தன் பெஞ்சை விற்பதும் வங்கிதான், வாங்கக் கடன் கொடுப்பதும் வங்கிதான், விலை ஏறினால் லிமிட்டை ஏற்றித் தருவதும் அதே வங்கிதான். “நல்லா இருப்பிய” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு அவள் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றாள். வியாபாரி விட்டுவிட்டார். கார்டைத் தேய்த்தார்கள். சீட்டு வந்தது. பொருள் அவளுடையது.

குட்டியானை வண்டி ஒன்றைப் பேசி, ஐந்து பேர் பெஞ்சைத் தூக்கி ஏற்றினார்கள். மந்திரமூர்த்தி எழுந்திருக்கவில்லை. தெற்கு ரத வீதி வழியாக உட்கார்ந்தபடியே வந்தார். பூக்கடைக்காரர், “வாங்க அண்ணாச்சி, வேலை முடிஞ்சிதா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல” என்றார் இவர். வீட்டு நிலையில் பெஞ்சு நுழையவில்லை. கதவைக் கழற்றி, சாய்த்து, அவர் தலையைக் குனியச் சொல்லி உள்ளே கொண்டுபோய் ஃபேனுக்கு நேர் கீழே போட்டார்கள்.

ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு போனதும் ஆவுடையம்மாள் கதவில்லாத வாசலில் நின்றபடி ஆரம்பித்தாள். இடைவேளை முடிகிறதே என்று அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

“ஒரே ஒரு தடவ. ஒரே ஒரு தடவ எந்திரிச்சு வந்திருக்கக் கூடாதா? அறுநூறு ரூவா போனா மயிராச்சுன்னு எந்திரிச்சு வந்திருக்கக் கூடாதா?”

“எந்திரிச்சா எடம் போயிருமேளா.”

“எடம் போயிரும்னு பாத்தியளே, பொண்டாட்டி போயிருவாளேன்னு பாத்தியளா? இந்தத் தெருவுல எவ எவ என்ன பேசுனான்னு தெரியுமா உங்களுக்கு? காய்ச்ச வந்து கெடந்தா ஒரு டம்ளர் வெந்நி வச்சுக் குடுக்க நாதி கெடையாது. காய்ச்சலோட எந்திரிச்சு உங்களுக்குச் சோறு பொங்கிட்டு வந்தேன். சோத்தத் தின்னுட்டு, உப்புக் கொறச்சலா இருக்குன்னு சொன்னிய.”

கையில் இருந்த கரண்டியை அவள் வீசினாள். அது பெஞ்சின் காலில் பட்டு விழுந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் திட்டினாள். அவள் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தபோது அவர் மேலே பார்த்து, “காத்து நல்லாத்தான் வருது” என்றார். அவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து திட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் உலையில் அரிசி போட்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்தை இருபத்து நாலு தவணையாகப் பிரித்திருப்பதாகவும், அஞ்சாம் தேதிதோறும் கட்ட வேண்டும் என்றும், வங்கியின் காத்திருப்புக்கு வட்டி தனி என்றும் போட்டிருந்தது. கூடவே, இவ்வளவு பெரிய பொருள் வாங்கியதற்காக நாலாயிரத்து எண்ணூறு பாயின்ட் வந்திருக்கிறது, அதற்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியலும் வந்தது. பிரஷர் குக்கர் இருந்தது. சக்கரம் வைத்த பெட்டி இருந்தது. அயர்ன் பாக்ஸ் இருந்தது. அதற்குக் கீழே வருடங்கள் இருந்தன.

அவள் முதலில் 1989-ஐ அமுக்கினாள். கையிருப்பு இல்லை என்று வந்தது. தொண்ணூறும் இல்லை. தொண்ணூற்றொன்றும் இல்லை. ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தாள். பெரிய லிமிட்காரர்கள் நல்ல வருடங்களை எல்லாம் முன்னாடியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் எத்தனை வருடம் அட்டைப்பெட்டியோடு பிரிக்காமல் கிடக்கிறதோ, யார் கண்டார்கள். 2020 மட்டும் வேண்டிய அளவு இருந்தது. பாதிப் பாயின்ட்தான்.

“அது என்ன மாதிரி வருசம்?” என்று மந்திரமூர்த்தி கேட்டார்.

“ஒருத்தரும் வெளிய போகப்பிடாது. கட கெடையாது, கலியாணம் கெடையாது, பஸ் கெடையாது. புருசனும் பொண்டாட்டியும் வீட்டுக்குள்ளேயே கெடந்து மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாவ. உங்க வங்கி வாசல்ல கயிறு கட்டிட்டாவ. ரெண்டு மாசம் நான் கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டு வந்தேன். பக்கத்து வீட்ல புருசன் பொண்டாட்டி சண்ட போடுத சத்தம் கேக்கும். கேட்டுக்கிட்டே ஒத்தையில படுத்துக் கெடந்தேன்.”

“அப்ப அதையே எடு” என்றார்.

வருடம் நாலு நாளில் கூரியரில் வந்தது. பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. சனவரியும் பிப்ரவரியும் குறையும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்கள். பாதி விலைக்கு அப்படித்தான் வரும். தச்சரை வரவழைத்து முதலில் கதவை மாட்டினாள். அவர் போனதும் கதவைச் சாத்தி, பெஞ்சுக்கு முன்னால் தரையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தாள். வீட்டுக்குள் மார்ச் மாதக் கடைசி ஆனது. பஸ் சத்தம் நின்றது. கிரைண்டர் இருந்த மூலையில் ஒரு அணில் வந்து உட்கார்ந்தது.

அஞ்சாம் தேதி காலை, வங்கியின் வசூல்காரர் ஜெபசிங் தவணைக்காகக் கதவைத் தட்டினார். தூத்துக்குடிக்காரர், மரியாதையானவர், கையில் ஒரு பை. ஆவுடையம்மாள் ஜன்னலில் பாதியை மட்டும் திறந்தாள்.

“தள்ளி நில்லுங்க. மூக்க மூடிக்கிடுங்க. இங்க ரெண்டாயிரத்து இருவது.”

“அக்கா, வெளிய இருவத்திமூணுதான்க்கா.”

“வெளியதான? வீட்ல இருவது. இந்த வருசம் தவணையெல்லாம் தள்ளி வச்சிருக்கு. உங்க வங்கியே அறிவிச்சது, நீங்களே பாத்துக்கிடுங்க.”

ஜெபசிங் போனை எடுத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. “அப்ப நான் காத்திருக்கணுமாக்கா?” என்று கேட்டார்.

அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கொடுத்தாள். “வாசல்ல இருந்து ஆறடி தள்ளி ஒரு வட்டம் போட்டுக்கிட்டு அதுக்குள்ள நில்லுங்க. எங்க வீட்டு முன்ன காத்திருக்கதுக்கு வட்டி கெடையாது. அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்ல.”

அவர் அளந்து பார்த்து வட்டம் போட்டார். கைக்குட்டையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பையைக் காலடியில் வைத்து, வட்டத்துக்குள் போய் நின்றார்.

“யாருளா வெளிய?” என்று உள்ளேயிருந்து மந்திரமூர்த்தி கேட்டார்.

“வங்கி. காத்துக்கிட்டு நிக்கி.”

மந்திரமூர்த்தி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பெஞ்சிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“வெயில்ல நிக்காரே, பாவம்” என்றார்.

“நிக்கட்டும்” என்றாள் ஆவுடையம்மாள்.